ஒரு பாட்டில் ஆட்டுக் கொழுப்பு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஓயாமல் பனி கொட்டும். யாராவது யாருடைய குளிரில் வெடித்த கைக்காவது வாத்துக் கொழுப்பு தடவிக்கொண்டிருப்பார்கள். கீழ்வேளூரில் பனி என்றால் மார்கழியில் புல் நுனியோடு சரி. இங்கே யார் யாருக்குத் தடவுவார்கள்?

முதல் தொடக்கம்: ஆற்றில் தண்ணீர் வந்த அன்று ஷம்சாத்தின் மனதிலும்...

(வேண்டாம். ஆற்றை விட்டுவிடுவோம். அடுப்பிலிருந்து தொடங்குகிறேன்.)

2

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள். குர்பானி ஆட்டின் கொழுப்பைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒரு கை தண்ணீர் விட்டு, சிறு தீயில் வைத்திருந்தாள் ஷம்சாத். தண்ணீர் வற்றி, சலசலப்பு அடங்கி, சக்கை சிவந்தபோது இறக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். ஆறியதும் ஊறுகாய் பாட்டிலில் பால் வெள்ளையாக உறைந்தது.*

கணவன் ஜாஃபர் சாதிக் குவைத்தில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறான். சோப்பு மருந்து அரித்து விரல் நுனியெல்லாம் வெடித்து, ரேகையே அழிந்துவிட்டது. அடுத்த மாதம் அங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். மிஷினில் ரேகை விழாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். எந்தக் களிம்புக்கும் கேட்கவில்லை, ஏதாவது அனுப்பு என்று சொல்லியிருந்தான்.

கை ஆறினால் அவன் வரமாட்டான். ஆறாவிட்டால் வந்துவிடுவான். போய் மூன்று வருஷம். துணியைப் பிழியும்போது ஷம்சாத் இதை நினைத்தாளா?

(முதல் பிரதியில் நினைத்தாள், ஒரு பக்கம் முழுக்க. அடித்துவிட்டேன். அவள் நன்றாகப் பிழிந்தாள், கடைசிச் சொட்டு வரை. அது போதும்.)

* வாசம் போக அத்தர் சேர்க்கவில்லை. அவனுக்கு அத்தர் தலைவலி.

3

பாட்டில், இடியாப்ப மாவோடும் மாசிக் கருவாட்டோடும், லீவு முடிந்து திரும்பிய அஸாரின் பெட்டியில் போனது. அஸார் பக்கத்து வீட்டுப் பர்வினின் கணவன். குவைத்தில் ஜாஃபரின் அறையிலேயே தங்கியிருப்பவன். பாட்டிலில் ஷம்சாத் எதுவும் எழுதி ஒட்டவில்லை. சாப்பாட்டுச் சாமானோடு சாமானாக வைத்தாள். தப்பு அதுதான்.

பத்து நாள் கழித்துப் பர்வின் சிரித்துக்கொண்டே வந்தாள். "லாத்தா, நீங்க அனுப்பின நெய்ல ரூமே சோறு ஆக்கித் தின்னுச்சாம். ஊரு நெய்யி ஊரு நெய்யின்னு இவரு ஒரே புகழ்ச்சி."

ஷம்சாத்தும் சிரித்துவைத்தாள். பர்வின் போனதும் போனை எடுத்தாள்.

"கையில போட்டீங்களா, மச்சான்?"

அந்தப் பக்கம் ஜாஃபர் மின்விசிறியை நிறுத்தினான்.

"மொத நாளு தெரியாம ஆக்கிப்புட்டாங்க புள்ள. நான்தான் சொல்லியிருக்கணும். தட்டுல சுடுசோறு. நம்ம வீட்டு அடுப்பங்கரை வாசம். வாயத் தொறக்கல."

"மிச்சம்?"

"மிச்சத்தையும் தின்னுட்டேன். நான் மட்டும்."

கையைக் காட்டச் சொன்னாள். கேமரா கூரைக்குத் திரும்பியது.

4

(இங்கே எனக்கு ஜாஃபர் மேல் சந்தேகம். வாசத்துக்கு ஏங்கித் தின்றானா, கை ஆறக் கூடாது என்று தின்றானா? அவனிடமே கேட்டுப் பார்த்தேன். எனக்கும் கூரையைத்தான் காட்டினான்.)

முடிவு ஒன்று: மிஷினில் பச்சை விளக்கு எரிகிறது. ஷம்சாத் போனிலேயே அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய்...

முடிவு இரண்டு: சிவப்பு. திருச்சி விமான நிலைய வாசலில் அவனுடைய வெடித்த கைகளை அவள் தன் கைகளுக்குள்...

இரண்டாவதை ஏழு முறை எழுதினேன். ஏழு முறையும் அழகாக வந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை. வந்து இறங்கிய மறுநாள் காலை அவன் என்ன செய்வான் என்று எந்தப் பிரதியிலும் எனக்கு எழுத வரவில்லை.

5

பிரிட்ஜில் குர்பானிக் கொழுப்பு இன்னும் ஒரு பொட்டலம் இருந்தது. இன்று அதையும் உருக்கிவிட்டாள். கடைத்தெரு அஹமது கபீர் வெள்ளிக்கிழமை குவைத் கிளம்புகிறார். பெட்டியில் இடம் இருக்கிறதாம். இந்தத் தடவை பாட்டிலில் தாள் ஒட்டி, பேனாவையும் எடுத்துவிட்டாள். 'கைக்கு' என்று எழுதலாம். 'சோத்துக்கு' என்றும் எழுதலாம். உள்ளங்கையில் ஒட்டியிருந்த கொழுப்பில் பேனா வழுக்கியது.

கதையை இங்கே விட்டு நான் எழுந்துகொள்கிறேன். அவள் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். தாள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பேனாவை உங்களிடம் நீட்டுகிறாள்.