மூன்றாவது தண்ணீர்

எங்கள் பட்டறையில் மூன்று கோடு என்றொரு சட்டம் உண்டு. அதைப் போட்டவன் நான்தான். ஓட்டை விழுந்த பெட்ரோல் டேங்க் வந்தால், காலி செய்துவிட்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். முதலாவது வெறும் தண்ணீர். இரண்டாவது சோப்புத் தண்ணீர். மூன்றாவது, சோடா உப்பு போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூலை முடுக்கெல்லாம் போகும்படி குலுக்கிக் கொட்டுவது. ஒவ்வொரு தண்ணீருக்கும் டேங்கின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு. மூன்று கோடு இருந்தால்தான் அத்தான் வெல்டிங் டார்ச்சைப் பற்ற வைப்பார். இரண்டு கோட்டோடு யாராவது டேங்கை அவர் பக்கம் நகர்த்தினால் போதும், நான் போடுகிற சத்தத்தில் தெருமுனைவரை ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். பக்கத்து டயர் கடைக்காரர் எனக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பெயரே வைத்துவிட்டார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது, “என்ன, ஸ்பீக்கருக்கு இன்னும் கரண்ட் வரலையா?” என்று கேட்பார். நானும் சிரித்துக்கொள்வேன். கத்தினாலும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நல்ல எண்ணம் இருந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். இருபத்திரண்டு வருடமாக வெல்டிங் வேலை. பட்டறை எங்கள் இருவருக்கும் பொது. கழற்றுவதும் பூட்டுவதும் நான், நெருப்பு வைப்பது அவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். நான் ஒரு மணி நேரம் கத்தினால் கடைசியில் “சரி, விடு” என்பார். அன்றைய பேச்சு அவரைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை செடிக்காரர் தன் பழைய பிக்கப்பைக் கொண்டுவந்தார். ஊர் முழுக்கப் பூச்செடியும் தொட்டியும் கொண்டுபோய்க் கொடுப்பவர். வண்டிக்கு என் வயது இருக்கும், என்னைவிட அதிகம் உழைத்திருக்கும். அடியில் படுத்துப் பார்த்தேன். டேங்கைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே மண்ணும் ஈரமும் சேர்ந்து, விளிம்பு ஓரமாகத் துரு தின்றிருந்தது. அந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.

“என்னங்க இது?”

“சோப்புங்க. ஒழுகறப்போ தேய்ச்சு விட்டா நின்னுடும்.”

“எத்தனை நாளா?”

“ஒரு நாலு மாசமா.”

“நாலு மாசமா வண்டியக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. அப்படியே பவுடர் போட்டு, தலை சீவிக் கூட்டிக்கிட்டு வர்றதுதானே?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்ரோல் ஒழுகுகிற வண்டியில் நாலு மாதம் சுற்றியிருக்கிறார் மனுஷன். ஆரம்பித்துவிட்டேன். டேங்கை இறக்கும்போதும் கத்தினேன், மிச்சப் பெட்ரோலைக் கேனில் வடிக்கும்போதும் கத்தினேன். முதல் தண்ணீர் ஊற்றிக் கொட்டினேன், இரண்டாவதும் கொட்டினேன், வாய் மட்டும் நிற்கவே இல்லை. பின்பக்க முற்றத்து அடுப்பில் மூன்றாவது தண்ணீருக்கு டின்னை ஏற்றிவிட்டு வந்தேன். அப்போது செடிக்காரர் சும்மா இருக்காமல், “முன்னாடி ஒருத்தர் ஒரே தண்ணி ஊத்திட்டுப் பத்த வெச்சாருங்க, ஒண்ணும் ஆகலையே” என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. “ஒண்ணும் ஆகலைன்னா அது உங்க நேரம். இங்க சட்டம் வேற. பாத்துக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லிக்கொண்டே சாக்பீஸை எடுத்து டேங்கின் மேல் மூன்று கோட்டையும் இழுத்தேன்.

கழுவியது இரண்டு. மூன்றாவதைத் தண்ணீர் கொதித்ததும் ஊற்றிக்கொள்ளலாம், பத்து நிமிடம்தானே என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஞாபகமறதியில் போட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. தெரிந்துதான் போட்டேன்.

செடிக்காரர் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் உதிரிபாகக் கடையிலிருந்து டேங்குக்கான ரப்பர் குழாய் வந்தது. அளவு தப்பு. போனிலேயே கடைக்காரரைப் பிடித்து உலுக்கினேன். அது பற்றவில்லை. குழாயை எடுத்துக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டேன். டேங்க் வாசலில் இருந்தது, அதன் மேல் மூன்று கோடு இருந்தது. அடுப்பு பின்னால் எரிந்துகொண்டிருந்தது.

சரியான குழாயை வாங்கிக்கொண்டு தெருவுக்குள் திரும்பியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. தகர டப்பாவை யாரோ ஓங்கி உதைத்ததுபோல ஒரு ‘டப்’. எனக்கு மட்டும் அது என்னவென்று உடனே தெரிந்தது.

ஓடினேன். அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல டேங்கைச் செங்கல் வைத்துச் சாய்த்து, தண்ணீர் நிரப்பி, ஓட்டை இருந்த விளிம்பை மட்டும் மேலே வைத்திருந்தார். மிச்சம் இருந்த கையளவு இடத்தில் நின்ற ஆவிதான் பற்றியிருக்கிறது. டேங்க் முழுக்கக் காலியாக இருந்திருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். வலது கை மணிக்கட்டுவரை சிவந்து, தோல் உரிந்திருந்தது. புருவம் இரண்டும் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பக்கத்திலேயே இருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து அவர் கையை அதன் அடியில் பிடித்தேன். “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

அக்கா வீடு பட்டறைக்கு எதிரே. செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். டயர் கடைக்காரர் காரை எடுக்க ஓடினார். அக்கா அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு நிமிடம் வேலை இல்லாமல் போயிற்று.

அந்த ஒரு நிமிடத்தில் நான் பின்பக்கம் போனேன். டின்னில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது, விளிம்புவரை, ஒரு சொட்டு குறையாமல். அடுப்பை அணைத்தேன். கந்தலைச் சுற்றி டின்னைத் தூக்கி, அவ்வளவையும் சாக்கடையில் ஊற்றினேன். காலி டின்னைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தேன். பிறகு முன்னால் வந்து அத்தானைக் காரில் ஏற்றினேன். அங்கே மனுஷன் கை வெந்து உட்கார்ந்திருக்கிறார், நான் இங்கே தடயத்தை அழித்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை சோறு இறங்காத அளவுக்கு வெட்கமாக இருப்பது இந்த இடத்தில்தான்.

இல்லை, இன்னொரு இடமும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்டுப் போட்டு வெளியே வந்த அத்தானை உட்கார வைத்துவிட்டு அக்கா என்னிடம் கேட்டாள்.

“மூணு தண்ணியும் ஊத்தினியாடா?”

மெதுவாகத்தான் கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, எதையாவது கேட்க வேண்டும் என்று கேட்டாள். நான் வராந்தாவே அதிரும்படி கத்தினேன். “என்னைப் பாத்தா கேக்கற? அந்தச் சட்டத்தப் போட்டதே நான். கோடு இருக்கு, போய்ப் பாரு.” நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது அத்தான் சொன்னார். “அவன் மேல தப்பு ஒண்ணும் இல்ல. நான்தான் தண்ணி மட்டம் சரியாப் பாக்காம விட்டுட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல.”

என் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அப்படித்தான் இருந்தது, மறைத்து என்ன பயன்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. கண் சரியில்லாதவர் நெருப்பு வேலை செய்யலாமா என்று சொந்தபந்தம் கேட்டது. அக்கா அவருடைய கறுப்புக் கண்ணாடியை எடுத்து அலமாரியில் பூட்டி, “இனிமே டார்ச்சத் தொட்டீங்கன்னா என்னை உயிரோட பாக்க மாட்டீங்க” என்றாள். அவரும் சரி, விடு என்றார். எனக்கு வேறொரு வெல்டர் பார்க்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இருபத்திரண்டு வருடத் தொழில், ஒரு வாரத்தில் அலமாரிக்குள் போய்விட்டது.

பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் புகழ்ந்தார்கள். “நீ கரடியாக் கத்துவியே, இதுக்குத்தானா” என்றார் டயர் கடைக்காரர். என்னை ஸ்பீக்கர் என்று கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். நான் ஒரு வாரமாக வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். செடிக்காரர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நீங்க அன்னிக்குச் சொன்னப்போ நான் சிரிச்சேன். மூணு தண்ணி ஊத்தியுமே இப்படின்னா, ஒண்ணோட விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்” என்றார். டேங்க் அவர் காலடியில் இருந்தது. விளிம்பு கரி பிடித்திருந்தது. மூன்று கோடும் அப்படியே இருந்தன, வெள்ளை வெளேரென்று. ஈரத்துணியை எடுத்து மூன்றையும் துடைத்தேன். கோடு போய்விட்டது, வேறு எதுவும் மாறவில்லை.

அன்று மத்தியானம் எதிர் வீட்டுக்குப் போனேன். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பட்டறையையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் இல்லாத முகத்தைப் பார்க்கும்போது எப்போதும் எதற்கோ ஆச்சரியப்படுகிறவர்போல இருந்தது. அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அத்தான், உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல” என்றேன். “தண்ணி மட்டமும் சரியாத்தான் இருந்துச்சு. நான் ரெண்டு தண்ணிதான் ஊத்தினேன். மூணாவது கோட்ட முன்னாடியே போட்டுட்டேன்.”

அவர் திரும்பவில்லை. “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“டார்ச் எடுக்கறதுக்கு முன்னாடி செங்கல் கொண்டுவரப் பின்னால போனேன். அடுப்புல டின் இருந்துச்சு. முழுசா இருந்துச்சு.”

“பாத்தீங்களா? பாத்துட்டா பத்த வெச்சீங்க?”

“கோடு மூணு இருந்துச்சே. ஒருவேளை இது வேற எதுக்காவது வெச்ச தண்ணியா இருக்கும்னு நெனச்சேன். உனக்குப் போன் போடலாம்னு எடுத்தேன். போட்டா நீ கத்துவே. என் கோட்டையே சந்தேகப்படறீங்களான்னு. காலையிலேர்ந்து நீ கத்திக்கிட்டே இருந்தே. அதுக்கு இது பரவாயில்லன்னு பத்த வெச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அவருக்கு அதில் கோபமே இல்லை. இத்தனை வருடமும் என் வாய்க்கு முன்னால் அவர் எப்படி நடந்துகொண்டாரோ அப்படித்தான் அன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறார்.

“அதுக்காக? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என் குரல் பழைய பழக்கத்தில் உயர்ந்துவிட்டது. “உயிரு போயிருந்தா?”

அவருடைய கட்டுப் போட்ட கை, அவர் அறியாமலே, முகத்துக்கு முன்னால் எழுந்தது.

எழுந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் வெட்கத்தோடு கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். சமையலறையிலிருந்து அக்கா, “மெதுவாப் பேசுடா, அவருக்கு ஆகாது” என்றாள். அதுவும் கெஞ்சுகிற குரலில்தான். நாற்பத்தைந்து வயதில்தான் எனக்குக் காது கேட்கிறது. என்னிடம் எல்லோரும் இந்தக் குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“விடு” என்றார் அத்தான். “அவகிட்ட சொல்லாத. தம்பி தம்பின்னு இருக்கா.”

எவ்வளவு சுலபமாக விடச் சொல்கிறார். விட்டால் நான் பெரிய மனிதன், அவர் கண் தெரியாதவர், கண்ணாடி அலமாரியில்.

“அக்கா, இங்க வா. அலமாரி சாவிய எடுத்துக்கிட்டு வா” என்றேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் சொன்னேன். கோட்டைச் சொன்னேன், டின்னைச் சொன்னேன், சாக்கடையில் ஊற்றியதைச் சொன்னேன்.

“என்னடா முணுமுணுக்கிற?” என்றாள். “சத்தமாச் சொல்லு.”

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒண்ணுமே கேக்கலடா” என்றாள்.

மூன்றாவது தடவை சொன்னபோதுதான் அவளுக்குக் கேட்டது.