மீன் குறித்த மூன்று தீர்மானங்கள்

உலகெங்கும் வாழும் மனிதகுலத்துக்கு, குறிப்பாக நகரி பஸ் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வாழும் மனிதகுலத்துக்கு, ஒரு முக்கியச் செய்தி. ஆவணி மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பதினொன்றே கால் மணிக்கு, மீன் என்பது மாமிசமே என்று முடிவு செய்யப்பட்டது. அதுவரை தான் என்னவாக இருந்தோம் என்று மீனுக்கே தெரியாது.

முடிவு செய்தது ஆதி உணவு அன்பர்கள் குழுவின் நகரிக் கிளை. உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேர். ஆதிமனிதன் வேட்டையாடித் தின்றதை மட்டுமே தின்பது என்பது கொள்கை. கறி, முட்டை, கொழுப்பு. சோறு, இட்லி, பழம் எல்லாம் பின்னால் வந்த சதி. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் திருப்பதியில் இருக்கும் விஜயராகவன். இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, ரிட்டயர்டு ஆன நாலாவது மாதம் ஆதிமனிதனைச் சந்தித்தவர். தினமும் காலை ஐந்து மணிக்கு இந்தக் குருசாரின் குரல் இருபத்து மூன்று செல்போன்களிலும் ஒலிக்கும்.

கூட்டம் நடந்த இடம் உறுப்பினர் முரளிதரனின் விசைத்தறிக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை எட்டுத் தறிகளும் ஓடாது என்பதால் அன்று மட்டும் மனிதக் குரல் அங்கே காதில் விழும்.

"நாலு மாசமா ஆட்டுக்கறியே துன்னுக்கினு கீறோம்," என்றார் செயலாளர் ஹரிபாபு. ஜெராக்ஸ் கடைக்காரர். "இப்பல்லாம் ரோட்ல ஆட்டப் பாத்தா சொந்தக்காரன் மாதிரி தோணுது. மீனையும் சேத்துக்கலாம்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் சந்தேகம் கேட்டார். "நகரில இருந்த ஆதிமனுஷன் மீனுக்கு எங்க போவான்? பழவேற்காடு ஏரி இன்னா பக்கத்துலயா கீது?"

"சத்தியவேடு பஸ்ல போயிருப்பான். உக்காருணா," என்றார் ஹரிபாபு.

விஜயராகவன் போனிலேயே ஆசி வழங்கினார். மீனுக்கு ரத்தம் உண்டு, முள் உண்டு, ஆகவே மாமிசம். தீர்மானம் நிறைவேறியது. கைதட்டினார்கள். கொட்டகைக்குப் பின்னால் இருந்த வீட்டில் அந்தக் கைதட்டல் சுந்தரியின் காதில் விழுந்தது. நல்ல விஷயத்துக்கு அந்தக் கொட்டகையில் யாரும் கைதட்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சுந்தரி முரளிதரனின் மனைவி. காலையில் கணவனுக்குக் கறி, தனக்கும் மகள் ஹரிதாவுக்கும் இட்லி, தறிக்காரர்களுக்கு டீ. மத்தியானம் மறுபடி கறி, மறுபடி சோறு. நாலு மாதத்தில் முரளிதரனுக்குச் சர்க்கரை குறைந்தது, பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. அதே நாலு மாதத்தில் சித்தூர் டாக்டர் மாத்திரையையும் மாற்றியிருந்தார். பெருமை முழுவதும் ஆட்டுக்குப் போனது.

இப்போது புதனும் ஞாயிறும் மீன் வந்தது. முரளிதரன் பையைப் பின்கட்டுக் கல் மேல் வைத்துவிட்டு, ஆதிமனிதன் எப்படி ஈட்டியால் மீன் குத்தினான் என்று விளக்குவான். பையிலிருந்து மீனை எடுத்தது, செதில் சுரண்டியது, குடல் வாங்கியது, சாம்பலும் கல்லுப்பும் போட்டு மூன்று தண்ணீர் கழுவியது பற்றி ஆதிவரலாற்றில் குறிப்பு இல்லை. சுந்தரியின் வலது கட்டைவிரல் ஓரத்தில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. கல்லுப்பு படும்போதெல்லாம் அது கண்ணைத் திறந்து பார்த்தது.

அவள் புரட்டாசிக்குக் காத்திருந்தாள்.

புரட்டாசி பெருமாள் மாதம். அந்தப் பக்கத்தில் முப்பது நாளும் கறிக்கடைக்காரன் ஈ ஓட்டுவான். ஆவணி கடைசி நாளில் சுந்தரி கறிச்சட்டி, மீன்சட்டி, அரிவாள்மணை மூன்றையும் தேய்த்துக் கழுவிப் பரண் மேல் ஏற்றிவிடுவாள். வீட்டைக் கழுவிவிட்டு, சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். வருஷத்தில் அவளுக்கென்று இருந்த ஓய்வு அந்த ஒரு மாதம்தான். கையில் நாற்றம் இல்லாத முப்பது நாள்.

இந்த வருஷமும் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முரளிதரன் செல்போனோடு வந்து நின்றான்.

"மீன்சட்டிய மேல ஏத்தாத."

"ஏங்க?"

"குருசார் மெசேஜ் போட்டுக்கீறார். புரட்டாசில கறி துன்னக்கூடாது, சரி. கொள்கையில காய்கறியும் துன்னக்கூடாது. அப்ப இன்னாதான் துன்றது? மீன் தண்ணியில வெளையற பயிருன்னு சொல்லிட்டார். கல்கத்தா பக்கம் அப்டித்தானாம். அதனால புரட்டாசி முப்பது நாளும் மீன் மட்டும்."

சுந்தரி தேங்காய் நாரைக் கீழே வைத்தாள்.

"ஆவணில மாமிசமா இருந்தது புரட்டாசில காயாய்டுச்சா?"

"தீர்மானம் போட்டாச்சு."

"தெனமுமா?"

"தெனமும்தான். நடுவுல வுட்டா ஒடம்பு பழைய நெலமைக்குப் போய்டும்."

ஹரிதா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "நைனா, மீன் பயிருன்னா அத மிக்சியில போட்டு சட்னி ஆக்கலாமா? அம்மாக்கு வேல மிச்சம்."

"நீ படி."

சுந்தரி விரல் வெடிப்பைப் பார்த்தாள். சண்டை போட முடியாத அளவுக்குக் களைப்பாக இருந்தது. "முதல் சனிக்கெழம திருப்பதி போலாங்க," என்றாள். "உங்க குருசார் வாயால ஒரு தபா கேட்டுட்றேன். அவர் வூட்டம்மா எப்டிப் பண்றாங்கன்னும் பாத்துக்கினு வரேன். அவங்க பண்ணாங்கன்னா நானும் பண்றேன்."

முரளிதரனுக்கு இதில் பெருமைதான். மனைவி கொள்கையின் பக்கம் வருகிறாள் என்று குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டான். பதினாறு பேர் கும்பிடு அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை பாசஞ்சரில் கோவிந்தா கூட்டம் நெரிந்தது. மஞ்சள் துணி, நாமம், மொட்டைக்குத் தயாரான தலைகள். முரளிதரன் மட்டும் வேட்டைக்காரனின் முகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வறுத்த மீன் டப்பாவை அந்தக் கூட்டத்தில் திறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

விஜயராகவன் வீடு ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் நடு மாடி. கதவைத் திறந்தது அவருடைய மனைவி மனோரமா. முந்தானையில் கை துடைத்துக்கொண்டே, "ரண்டி, லோபலிக்கு ரண்டி," என்று உள்ளே கூப்பிட்டாள். நெற்றியில் வியர்வை. வீடு முழுக்கப் புளியோதரை வாசனை.

கூடத்தில் பெருமாள் படத்துக்கு முன் வாழையிலையில் தளிகை போட்டிருந்தது. மலை மாதிரி சோறு, புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல். அதற்கு எதிரே இன்னொரு இலை. அதன் முன்னால் ஆதிமனிதர் பன்னிரண்டு நாமத்தோடு உட்கார்ந்து வடையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

யாரும் அதிரவில்லை. விஜயராகவன் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். "ப்ரசாதம்," என்றார். "ப்ரசாதத்துக்குக் கொள்கை கெடையாது. உக்காருங்க."

சுந்தரி மனோரமாவோடு சமையலறைக்குப் போனாள். அலமாரியைப் பார்த்தாள். கறிச்சட்டி இல்லை. மீன்சட்டி இல்லை. அரிவாள்மணை கூடக் காய் நறுக்குகிற சின்னது.

"மீன் எதுலமா ஆக்கறீங்க?"

மனோரமா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "மீனா? ஓனர் சுத்த சைவம்மா. முட்டைத் தோல் குப்பையில பாத்தாக்கூட வீட்டக் காலி பண்ணச் சொல்வாரு. அக்ரிமெண்ட்லயே எழுதிருக்கு. மூணு வருஷமா இந்த வீட்ல இட்லி, சாம்பார்தான்."

"அப்ப சாரு கறி எங்க துன்றாரு?"

"எங்க துன்றாரு? அவர் காலைல அஞ்சு மணிக்குப் பேசறதோட சரி. பேசி முடிச்சதும் பசிக்குதுன்னு ஆறு இட்லி கேப்பாரு." மனோரமா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "மூணு மணிக்கு எழுந்தேன்மா. ரெண்டு பேருக்கு இவ்வளவு. இடுப்பு கழண்டுபோச்சு."

சுந்தரி பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்து கூடத்துக் கதவோரம் நின்று கேட்டாள். "சார், நீங்க மீன் கழுவியிருக்கீங்களா?"

"தத்துவம்னு ஒண்ணு இருக்கு, நடைமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"நடைமுறை எங்கூட்லதான் கீது சார். அதான் கேக்கறேன். புரட்டாசில மீன் வேணுமா, வேணாவா?"

விஜயராகவன் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். மனோரமா வாசற்படியில் நின்றிருந்தாள். "வேணாம்," என்றார். "இந்த மாசம் விட்டுடலாம். குழுவுல சொல்லிட்றேன்."

முரளிதரனின் வாய் நிறைய சர்க்கரைப் பொங்கல் இருந்தது. நாலரை மாதம் கழித்து அரிசியைப் பார்த்த மனிதன் மூன்றாம் தடவையாக இலையை நீட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் ரயிலில் சுந்தரிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புத்தூர் தாண்டும்வரை கண்ணை மூடியிருந்தாள். வீட்டுக்குப் போனதும் மீன்சட்டியைப் பரணில் ஏற்ற வேண்டும். பிறகு இருபத்தெட்டு நாள். அவளே எண்ணிவைத்திருந்தாள். முரளிதரனின் செல்போன் சத்தம் போட்டது. அவன் படித்தான், நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"குருசார் மூணாவது தீர்மானம் போட்டுட்டார். மீன் கெடையாது. நீ கேட்ட மாதிரியே."

"ம்."

"அதுக்குப் பதிலா, புரட்டாசில கொள்கைக்கு லீவு. ஒவ்வொரு சனிக்கெழமையும் எல்லாரும் ஒண்ணா தளிகை போடறோம். அவர் வூட்ல எடம் பத்தாதாம். நம்ம கொட்டகையில. அன்னிக்குத் தறிய நிறுத்திட்றேன்."

சுந்தரி கண்ணைத் திறந்தாள். "எல்லாரும்னா?"

"இருபத்து மூணு பேரு. குடும்பத்தோட. நாந்தான் சொன்னேன், சுந்தரி வடை நல்லா சுடும்னு. ஹரிபாபு இப்பவே மூணு கும்பிடு போட்டுட்டாரு."

ரயில் நகரிக்கு வந்து நின்றது. இறங்கி நடந்தார்கள். சுந்தரி வழியில் மளிகைக் கடையில் நின்று ஐந்து கிலோ உளுந்து கேட்டாள். அடுத்த சனிக்கிழமைக்கு இப்போதே வாங்கினால்தான் கல் பொறுக்க முடியும். முரளிதரன் பையைத் தூக்கிக்கொண்டு, ஆதிமனிதனும் மழைக்காலத்தில் விரதம் இருந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனான்.

ஒரு கிலோ மீனைக் கழுவ இருபது நிமிஷம்தான் ஆகும்.