ஆயிரத்து இருநூறு பீஸ்

மேனாம்பேடு முனையில் கட்டியிருந்த பேனரில் ஸ்ரீகாந்த் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு சிரித்தான். கீழே கொட்டை எழுத்தில் 'உழைத்த கை, உங்கள் கை' என்று போட்டிருந்தது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் சித்ரா அதைக் கடந்துதான் போக வேண்டும். கடக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்பேனரை அவன் பிடித்திருந்த லட்சணம் இருக்கிறதே, கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்பைப் பிடிக்கிற பிடி. போட்டோ எடுத்தவனாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா.

உழைத்த கையாம். அந்தக் கை என்ன உழைத்தது என்று அம்பத்தூரில் சித்ராவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீகாந்தின் அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி இருந்தது. சித்ராவின் புருஷன் உலகநாதன் அங்கே பவர் பிரஸ் ஓட்டினான். காருக்கு வேண்டிய இரும்புத் துண்டுகளைத் தகட்டிலிருந்து அடித்துத் தள்ளுகிற மெஷின். தகட்டை நடுவில் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இருக்கும் இரண்டு பட்டன்களையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து பாரம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் மெஷினுக்குள் கை இருக்க முடியாது அல்லவா, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. முதலாளி மகன் ஸ்ரீகாந்துக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பட்டனில் மரச்சக்கையை வைத்து அழுத்தி டேப் சுற்றிவிடச் சொன்னான். அப்புறம் என்ன, ஒரு கை தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மறு கை பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கும். வேலை பறந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் உலகநாதனின் வலது கையில் நான்கு விரல்கள் போயின.

ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவதற்குள் டேப்பைப் பிய்த்துவிட்டார்கள். 'பணியாளர் மது அருந்திய நிலையில் இயந்திரத்தை இயக்கினார்' என்று ஒரு காகிதத்தில் எழுதி, ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியாமல் கிடந்தவனின் இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து அதில் உருட்டிக்கொண்டு போனார்கள். பீடி சிகரெட்டைக்கூடத் தொடாதவன் அவன்.

விரல் போனதை உலகநாதன் எப்படியோ தாங்கிக்கொண்டான். பெற்ற தாய் அந்தக் காகிதத்தை நம்பினாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. பொன்னியம்மாவின் புருஷன் இருபது வருஷம் குடித்துவிட்டு அவளை அடித்தவன், கடைசியில் சாக்கடையில் விழுந்து செத்தவன். மகனுக்கு மீசை அரும்பியபோதே கற்பூரத்தை அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். வீட்டுக்கு வந்த அந்தக் காகிதத்தின் நகலைப் பக்கத்து வீட்டில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட அன்றைக்கே பின்கட்டில் தனியாக அடுப்பு மூட்டிவிட்டாள். "அவ்ளோ பெரிய கம்பெனிக்காரன் பேப்பர்ல பொய் எழுதுவானா?" என்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆறு வருஷமாக மகனோடு ஒரு வார்த்தை இல்லை. அவன் வந்தால் இவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஆகவே சித்ராவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பொய்யை எழுத வைத்த வாயே, ஊர் பார்க்க, அதைத் திருப்பி விழுங்க வேண்டும்.

ஸ்ரீகாந்த் இதற்குள் எங்கேயோ போய்விட்டான். கம்பெனியை மூடினான், நிலத்தில் அடுக்குமாடி எழுப்பினான், ஒரு காலேஜ், இரண்டு கல்யாண மண்டபம். தேர்தல் வந்ததும் கட்சியில் சீட்டு. சீட்டு கிடைத்த மறுநாளே அவன் தொழிலாளி ஆகிவிட்டான். டீக்கடையில் நின்று கிளாஸ் கழுவினான், அண்ணனூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு முண்டியடித்தான், எல்லாவற்றையும் வீடியோ எடுத்துப் போட்டான். கூச்சநாச்சம் என்று ஒன்று இருந்தால்தானே.

சித்ரா இப்போது முகமது இஸ்மாயிலின் சின்னப் பட்டறையில் வேலை செய்கிறாள். புருஷனின் கையைத் தின்ற அதே வேலைதான், பிரஸ் ஓட்டுவது. ஆனால் இஸ்மாயில் பாயின் பட்டறையில் பட்டன்மீது ஈ உட்கார்ந்தாலும் அவர் வந்து விரட்டுவார். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது கூட வேலை செய்யும் ஆக்னஸ் போனில் ஸ்ரீகாந்தின் பேச்சை ஓடவிட்டாள்.

"முதலாளி மவன்னு சொகுசா வளந்தவன் இல்ல நானு. அஞ்சு வருஷம் பிரஸ் மெஷின்ல நின்னவன். மணிக்கு ஆயிரத்து இருநூறு பீஸ் அடிச்சவன் நானு."

கூட்டம் கை தட்டியது. சித்ராவின் கையில் சோற்றுருண்டை அப்படியே நின்றது. ஆக்னஸும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி கணக்கு இது? ரெண்டு கையால அடிச்சா எண்ணூறு தாண்டாதே," என்றாள் ஆக்னஸ்.

"தாண்டாது," என்றாள் சித்ரா. "டேப் சுத்துனாதான் தாண்டும்."

பிரஸ் ஓட்டாத யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. ஆயிரத்து இருநூறு என்பது ஆபீஸ் அறையில் உட்கார்ந்து முதலாளி எதிர்பார்க்கிற எண். தொழிலாளியின் கைக்கு அந்த எண் தெரியாது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை மைக் வைத்துக் கத்துகிறதே என்று சித்ரா நினைத்துக்கொண்டாள், சோற்றுருண்டையை நிதானமாக மென்றாள்.

அடுத்த வாரமே கட்சிக்காரர்கள் இஸ்மாயில் பாயிடம் வந்து நின்றார்கள். வேட்பாளர் பட்டறையில் மெஷின் ஓட்டுவதை லைவாகக் காட்ட வேண்டுமாம். பாய்க்கு வேறு வழியில்லை, சரி என்றார். வேட்பாளரோடு மெஷின் பக்கத்தில் நிற்க ஒரு பெண் வேண்டும் என்றபோது சித்ரா தானே முன்வந்தாள்.

"வம்பு ஏதும் வேணாம்மா," என்றார் பாய். உலகநாதனின் கையை அவருக்குத் தெரியும்.

"நான் ஒண்ணும் பேச மாட்டேன் பாய். ரெண்டு கேள்வி கேப்பேன், அவ்ளோதான்."

பாய், "மெயின் சுவிட்சை அணைச்சு வச்சிரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அணைக்காமல் விட்டால் என்ன என்ற எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. நாலு விரலுக்கு நாலு விரல். அந்த எண்ணம் இனிப்பாகவே இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் விரல் போனால் அனுதாப ஓட்டு விழும், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஜெயித்தே தொலைப்பான். அவளே போய் சுவிட்சை அணைத்தாள்.

காலை பதினொரு மணிக்கு ஸ்ரீகாந்த் வந்தான். பெரிய காரைத் திருப்பத்திலேயே நிறுத்திவிட்டு, கடைசி நூறு அடியை ஷேர் ஆட்டோவில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தான். காக்கிச் சட்டையில் கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை. லாவண்யா என்று ஒரு பெண், கட்சிக்கு வீடியோ எடுப்பவள், குச்சியில் மாட்டிய போனோடு முன்னால் பின்வாங்கி நடந்து வந்தாள். "லைவ் போயிட்டு இருக்கு சார்," என்றாள்.

"வாங்க சார்," என்றாள் சித்ரா.

"சாரெல்லாம் இன்னாம்மா. அண்ணான்னு கூப்புடு. நானும் உன்ன மாரி மெஷின்ல கீறவன்தான்." இரவல் வாங்கிய மெட்ராஸ் பாஷை, வாயில் ஒட்டாமல் வழிந்தது.

"சரிண்ணா. வீடியோல பாத்தேன். மணிக்கு ஆயிரத்து இருநூறு பீஸ் அடிப்பீங்களாமே, மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

"நானும் அஞ்சு வருஷமா அடிக்கிறேன், எண்ணூறு தாண்ட மாட்டேங்குது. மொதலாளி திட்டறாரு. எப்டின்னு சொல்லிக் குடுங்கண்ணா."

இஸ்மாயில் பாய் ஆயுசில் யாரையும் திட்டியதில்லை. மூலையில் நின்று தாடியைச் சொறிந்துகொண்டார்.

ஸ்ரீகாந்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேட்கவே மாட்டார்களா என்று இருந்தவனிடம் கேட்டுவிட்டாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மெஷினில் ஒரு கையை ஊன்றினான். "நீங்கல்லாம் ரெண்டு பட்டனையும் புடிச்சிக்கினு கீறீங்க, அதான் லேட்டு. ஒரு பட்டன்ல சக்கைய வச்சு டேப் சுத்தினா ஒரு கை ஃப்ரீ ஆயிடும். அது தள்ளிக்கினே இருக்கும், இது தட்டிக்கினே இருக்கும். எங்க கம்பெனில அத்தன மெஷினும் அப்டித்தான் ஓடுச்சு. நானே எவ்ளோ சுத்திக்கீறேன். தொழில் ரகசியம்மா இது." சொல்லிவிட்டுக் கண்ணடித்தான்.

பட்டறையில் இருந்த பதினான்கு பேரில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

"உலகநாதன்னு ஒருத்தர் ஞாபகம் கீதாண்ணா?" என்றாள் சித்ரா. குரல் ஏறவே இல்லை. "ஏழாம் நம்பர் மெஷின். நாலு விரல் போச்சே. நான் அவரு பொண்டாட்டி."

அவன் மெஷினிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். "லாவண்யா, கட் பண்ணு," என்றான். லாவண்யா போனைத் தாழ்த்தினாள். தாழ்த்தி என்ன பிரயோசனம், அதற்குள் ஆக்னஸின் போன் மேலே வந்திருந்தது, அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டு.

"அது, சும்மா தமாஷுக்குச் சொன்னேம்மா."

"தமாஷாவே இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. நீங்க மெஷின்ல நின்னீங்களா, நிக்கலியா? நின்னிருந்தா அந்த டேப்பு சுத்துனது உங்க கை. நிக்கலன்னா, பேனர்ல காட்டறீங்களே உழைச்ச கைன்னு, அது யாரோட கை?"

கூட வந்த கட்சிக்காரர் ஒருவர் அவன் காதில் ஏதோ சொன்னார்.  ஒரு பக்கம் போனால் மானம் போகும், இன்னொரு பக்கம் போனால் போலீஸ் வரும். மனுஷன் மானத்தைத்தான் விட்டான். அது அவனிடம் மலிவாகக் கிடந்த சரக்கு.

"நான் மெஷினைத் தொட்டதே இல்லைங்க," என்றான். மெட்ராஸ் பாஷை போன இடம் தெரியவில்லை. "ஆபீஸ் ரூம்ல இருப்பேன். டேப் எல்லாம் சூப்பர்வைசர் பண்ணினது."

"அப்ப டேப் இருந்திச்சு."

"இருந்திருக்கலாம்."

"இருந்திச்சா, இல்லியா?"

வாசல் பக்கம் பார்த்தான். வாசலில் ஆக்னஸ் நின்றுகொண்டிருந்தாள். "இருந்தது," என்றான்.

"எங்க ஊட்டுக்காரர் அன்னிக்கு குடிச்சிருந்தாரா?"

"ரிப்போர்ட்ல என்ன எழுதியிருந்தாங்கன்னா..."

"ரிப்போர்ட்ட நான் கேக்கல. உங்களக் கேக்கறேன்."

இந்தப் பெண் கேட்பதைச் சொல்லிவிட்டால் வெளியே போய்விடலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, "குடிக்கல. அவர் குடிச்சிருக்கல," என்றான்.

சித்ரா வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். அவன் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திராமல் கார் வரைக்கும் நடந்தே போனான். ஆறு வருஷத்தில் அவ்வளவு சுகமாகச் சித்ரா மூச்சு விட்டதில்லை. நன்றாக வேண்டும் அவனுக்கு, இன்னமும் வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள். இஸ்மாயில் பாய் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் ஆவடி வரைக்கும் அந்த வீடியோ போயிருந்தது. சித்ரா வீட்டுக்குள் நுழைந்தபோது உலகநாதன் வாட்ச்மேன் உடுப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். போன் மடியில் கிடந்தது. அவளைப் பார்த்ததும் இடது கையால் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான்.

அப்போது பின்கட்டிலிருந்து பொன்னியம்மா வந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மகன் இருக்கும்போது கூடத்துக்கு வருகிறாள். கையில் தட்டு, தட்டில் சோறு, மேலே நெத்திலிக் குழம்பு. அவன் முன்னால் வைத்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"துன்னு நைனா," என்றாள். "பக்கத்து ஊட்டுல போட்டுக் காமிச்சாங்க. நீ ஒரு சொட்டுகூட தொடலன்னு அந்தக் கம்பெனிக்காரனே அவன் வாயால சொல்லிட்டான்."

சித்ரா ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். புருஷன் தட்டை இழுத்துக்கொள்வான் என்று பார்த்தாள். உலகநாதன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், கை வைக்கவில்லை.

"ஆஸ்பத்திரில சொன்னேம்மா," என்றான். "ஊட்டுக்கு வந்து உன் கால்ல வுழுந்து சொன்னேன். கற்பூரம் ஏத்திச் சொன்னேன். வெரலு போனவன் சொன்னப்ப நீ நம்பல. போவ வச்சவன் சொன்னதும் நம்பிட்டியே. அன்னிக்கும் அவன் சொன்னதுதான் உனக்கு நெசம், இன்னிக்கும் அவன் சொல்றதுதான் நெசமா?"

பொன்னியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.  மருமகளை நிமிர்ந்து பார்த்தாள், நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன் என்று கேட்கிற பார்வை.

சமாதானமாக எதையாவது சொல்லலாம் என்று சித்ராவும் வாயைத் திறந்தாள். வயசானவள், போனால் போகிறது என்று ஊரில் யாரும் சொல்லக்கூடிய பேச்சுதான். ஆறு வருஷம் இந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்ததும், உலகநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுததும் நெஞ்சில் வந்து நின்றன.  அவள் எழுந்து, தட்டை எடுத்து, மாமியார் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.