ஒதுங்கும் கால்

பூல் மேசைக் குழியின் வாயில் தொங்கிக்கொண்டிருந்த கறுப்புப் பந்தை சுவக்கீன் மறுபடியும் கோட்டைவிட்டான். ஊதினாலே விழுந்திருக்கும். வெள்ளைப் பந்து அதை உரசாமல் தாண்டிப் போனது.

"செடிக்கு மருந்தடிக்கிற பைப்பு பிடிக்கிற கைக்கு இது சரிப்படாது, கேட்டியா?" என்றான் சூப்பர்வைசர் ஜிபின். கிளப்பே சிரித்தது.

சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்தின் கிளப் அது. மூடிப்போன ரிசார்ட் ஒன்றிலிருந்து பூல் மேசையை வாங்கிப் போட்டிருந்தார்கள். யூனியன் சண்டை பிடித்ததில் ஞாயிறு மட்டும் தொழிலாளிகளுக்கும் இடம். கட்டப்பனையில் நடக்கும் பூல் போட்டிக்கு ஸ்டாஃப் தவிரத் தொழிலாளி ஒருத்தனும் போனதில்லை. அடுத்த ஞாயிறு ஜிபினை ஜெயித்தால் சுவக்கீன் போகலாம்.

தனியாக அடித்தால் விழுகிற பந்து ஜிபினோடு ஆடும்போது மட்டும் ஏன் விழமாட்டேன் என்கிறது? வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. காலி சர்பத் பாட்டிலைப் படுக்கவைத்து, காப்பிச் செடிக் கம்பை அதன் வாய்க்குள் விட்டு விட்டு எடுத்தான். தினமும் செய்கிற பயிற்சிதான். கம்பு கண்ணாடியில் படவே இல்லை. கை சுத்தம். பிறகென்ன மயிருக்கு?

ஆட்டத்தை செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தான். அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். கை நேராகத்தான் போனது. சோறு ஆறுகிறதென்று கத்திக்கொண்டு வந்த அவன் பெண்டாட்டி ஷீனா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கையவே பாத்துக்கிட்டு இருக்கீய. காலப் பாருங்க."

பார்த்தான். ஜிபின் மேசையைச் சுற்றி வருகிறான். குனிந்து குறிபார்க்கும் சுவக்கீனின் வலது கால் தானாகப் பின்னால் நகர்கிறது. தலை தாழ்கிறது. ஜிபின் நடக்க இடம் தாராளமாகக் கிடக்கிறது. போன வாரத்துப் படத்தைப் போட்டான். அதிலும் ஜிபின் வருகிறான், கால் போகிறது. ஏலச்செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் சூப்பர்வைசர் சார்மார் வந்தால் சரிவில் இறங்கி நின்று வழிவிடுகிற அதே கால். அப்பனும் அப்படித்தான் நின்றான், மழையில், முதுகில் மூட்டையோடு.

சுவக்கீன் கம்பை ஓங்கி அடித்தான். பாட்டில் சிதறியது.

"அவன் கேக்கக்கூட இல்லட்டீ. நானால்ல ஒதுங்குதேன்!"

"அதுக்குப் பாட்டில் என்ன செஞ்சுது? பெருக்கப்போறது நான்."

மறுநாள் வேறு பாட்டில் வந்தது. அவன் குனிந்ததும் ஷீனா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றி நடந்தாள். "சாரு வாரேன், ஒதுங்குல!" கால் நகர்ந்தது. அதையும் படம் பிடித்துப் பார்த்துத் தன் காலையே கெட்ட வார்த்தையில் வைதான். மறுபடியும் குனிந்தான். வாரக் கடைசியில் ஷீனா இடித்துக்கொண்டு போனபோதுகூடக் கால் ஊன்றிய இடத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கறுப்புப் பந்தில் வந்து நின்றது; அதை விழவைப்பவன் ஜெயிப்பான். முறை சுவக்கீனுடையது. குனிந்தான். ஜிபின் சாவகாசமாகச் சுற்றி வந்தான். சுவக்கீனின் கெண்டைக்கால் துடித்தது, நகரவில்லை. ஜிபின் எதிரே போய், கறுப்பு விழவேண்டிய குழியின் மேலேயே கையை ஊன்றி நின்றான்.

"கைய எடுங்க, சார்."



"நாளைக்கு வேலைக்கு வரணும் சுவக்கீனே. அது ஓர்ம இருக்கா?"

"வருவேன். இப்ப கைய எடுங்க."

ஜிபின் எடுக்கவில்லை. சுவக்கீன் நிமிரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. திறந்து கிடந்த ஜன்னல் வழியே சாரல் மேசையில் தெறித்தது. எழுந்து போய் அதை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. பச்சைத் துணியில் ஈரம் கருகருவென்று பரவி வெள்ளைப் பந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.