ஒரு பன்றிகூட மிஞ்சக்கூடாது

புதுக்குட்டிகளை ஏற்றிய டெம்போ மான்குர்ட் சிக்னலைத் தாண்டிவிட்டதாக டிரைவர் ஹரி போன் செய்தான். போனை வைத்த கையோடு அந்த இருமலைக் கேட்டேன். என் கொட்டிலில் இருமல் கேட்க நியாயமே இல்லை. ஆறு வாரமாக அங்கே பன்றியே கிடையாது.

இரண்டு வருஷம் அந்த இருமலோடு மல்லுக்கட்டினேன். சீத்தா கேம்ப்பில், கடற்கழியோரம், என் பன்றிகள் சாகவும் இல்லை, வளரவும் இல்லை. தின்றதெல்லாம் இருமலுக்கே போயிற்று. மாட்டுங்காவிலிருந்து வரும் டாக்டர் விஜயலக்ஷ்மி கறாராகச் சொல்லிவிட்டார். ஊசி போட்டால் அடங்கும், ஒழியாது. எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஆறு வாரம் காலியாகப் போட வேண்டும். பிறகு நோயில்லாத பண்ணையிலிருந்து புதுக்குட்டிகள். பழையது ஒன்று மிஞ்சினாலும் மொத்தமும் பாழ். அப்படியே செய்தேன். செய்ததாக நினைத்தேன், மடையன்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் பூலோகத்தின் பூட்டிக் கிடந்த கொட்டகையில், எங்கள் கறுப்புத் தாய்ப்பன்றி படுத்திருந்தது. பக்கத்தில் கஞ்சிச் சட்டியோடு என் மனைவி ஏஞ்சலம்மாள்.

"விக்ரோலிக்கு ஒந் தம்பிகிட்ட அனுப்பிட்டேன்னு சொன்னியேட்டி!"

"அவன் ரூம்ல பன்னிய எங்க கெட்டுவான்? இது அந்தோணியாருக்கு நேந்தது. ஷைனிக்குப் புள்ள நல்லபடியா பொறந்த பொறவுதான் கோயில் அசன விருந்துக்குக் குடுக்கணும். அதுக்கு முன்னால விக்கலாமா, வெட்டலாமா? இது இருமவே இல்லங்க. இன்னைக்குத்தான்..."

ஷைனி எங்கள் ஒரே மகள். இரண்டு முறை வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது எட்டாம் மாசம்.

வாசலில் ஹாரன் கேட்டது. ஓடினேன். டாக்டர் ஏற்கெனவே வந்து நின்றார்.

"பழசு எதுவும் இல்லையே, இன்னாசிமுத்து?"

'இல்லை' என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கம்பிக்குள்ளிருந்து பன்னிரண்டு இளஞ்சிவப்பு மூக்குகள் என்னை மோப்பம் பிடித்தன. திருப்பி அனுப்பினால் பண்ணைக்காரன் இதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். எனக்கு மறுபடி எப்போது முறை வருமோ, வராமலேகூடப் போகலாம். பின்னால் ஏஞ்சலம்மாள் சட்டியை அணைத்தபடி நின்றாள். அவள் பன்றிக்காகப் பயப்படவில்லை. ஷைனிக்காகப் பயந்தாள். சொன்னால் என்ன, எனக்கும் அதே பயம்தான்.

ஹரி டெம்போவின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"தொறக்காதலே! பின்னால பழசு ஒண்ணு கெடக்கு!" என்று கத்தினேன்.

டாக்டர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் இறுகியிருந்தது. "இத்தனை பாடும் வீண். அது என்னைக்குப் போறதோ, அன்னையிலேர்ந்து திரும்ப ஆறு வாரம். என்னைக்கு அனுப்பறேள்? தேதியைச் சொல்லுங்கோ" என்று டைரியைத் திறந்தார்.

டெம்போ பின்னால் நகர்ந்தது. குட்டிகளின் கீச்சல் தேய்ந்துகொண்டே போனது. அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"தேதி தெரியாது டாக்டர். எம் பேரப்புள்ள பொறக்குத அன்னைக்குன்னு எழுதிக்கிடுங்க."