துரியோதனன் உபயம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மீசையைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பிறந்தது. நியாயமாகப் பார்த்தால் ஒரு பெண்ணின் உடைந்த கையிலிருந்து பிறந்திருக்க வேண்டும். என்ன செய்வது, சிரிப்பு முந்திக்கொண்டது.

நான் நாமகிரி. வீடு சின்ன காஞ்சிபுரம். வேலை, முசரவாக்கத்தைத் தாண்டி ஓர் ஊரின் பள்ளிக்கூடத்தில், தமிழ் டீச்சர். வாரப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவேன். பாதி அச்சாகும், பாதி தபால்காரர் கையில் பத்திரமாக வீடு திரும்பும். ஆண்டு 2003, வைகாசி. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன், கேஸ் நடக்கிறது.*

* ஊரை மறைத்தவள் ஆட்களை ஏன் மறைக்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு ஐந்தாம் பகுதியில் திட்டு வாங்குகிறேன், பொறுங்கள்.

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"கலியாணசுந்தரத்தின் புல்லட் சத்தம் ஏரிக்கரையில் கேட்டாலே டீக்கடையில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். முறுக்கிய மீசை, மார்பில் புரளும் மைனர் செயின், மணல் லாரிகள், இரண்டு பெண்கள் கொடுத்த புகார்கள், இரண்டிலும் சாட்சிகள் 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்று—"

எழுதும்போதே பேனா தானாக ஓடியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்டவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை என்னமாய் ஓடுகிறது! என் கணவர் ஸௌந்தரராஜன் கணக்கு வாத்தியார். என் கதைகளுக்கு முதல் வாசகர், சம்பளமில்லாத விமர்சகர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏண்டி, இவன் வில்லன்தானே?"

"ஆமாம்."

"பின்னே எதுக்கு இத்தனை அலங்காரம், சாத்துப்படி? கருடசேவையன்னிக்குப் பெருமாளுக்கே இவ்வளவு பண்ணமாட்டா."

அந்தக் காகிதம் அடுப்புக்குப் போயிற்று. (போகவில்லை. மேலே அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறேனே. எழுத்தாளர்கள் எதையும் எரிப்பதில்லை.)

2

இரண்டாவது தொடக்கம்: "பாவம் பூவம்மாள்—"

இதை அங்கேயே நிறுத்திவிட்டேன். அவளைப் பாவம் என்று யாராவது சொன்னால் அவளே சிரித்துவிடுவாள்.

பூவம்மாள் அந்த ஊரில் மாவு மெஷின் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டுக் குழம்புப்பொடி அங்கேதான் அரைபடும். மெஷின் சத்தத்தோடு பேசிப் பேசி அவளுக்கு ரகசியம் பேசவே வராது. "டீச்சரு, ஊட்டுக்காரரு சொகமா?" என்று கேட்டால் பஸ் ஸ்டாப்பில் இருப்பவர்களும் "சொகம்தான்" என்பார்கள்.

கலியாணசுந்தரத்தின் மனைவி பொன்னியம்மாள் ஒரு மத்தியானம் அடி தாங்காமல் ஓடிவந்து அந்த மெஷின் கொட்டகைக்குள் நுழைந்தாள். பூவம்மாள் அவளை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு வாசலை மறித்து நின்றாள். அவன் வந்தான். வழியை விடச் சொன்னான். இவள் விடவில்லை. கையிலிருந்த இரும்புக் கம்பியால் அடித்தான், இவளுடைய இடது கை முறிந்தது. அதற்குள் ஊர் கூடிவிட, பொன்னியம்மாள் தப்பித்துத் தாமலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இவன்மேல் வந்த மூன்று புகார்களில் இது ஒன்றுதான் கோர்ட்டு வரை வந்திருக்கிறது. அவன் ஜாமீனில் வெளியே இருந்தான். விசாரணை, திருவிழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை. ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் திடீரென்று பார்க்காதவர்கள் ஆகிவிட்டார்கள். ஆக, மிச்சமிருப்பது பூவம்மாளின் வாய் மட்டும். அவள் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னால் கேஸ் நிற்கும். சொல்லாவிட்டால் இதுவும் போச்சு. பொன்னியம்மாள் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

இந்தப் பகுதியில் சிரிக்க ஒன்றுமில்லை. அடுத்ததில் இருக்கிறது.

3

கெட்ட பெயர் எடுத்தவர்கள் முதலில் தேடுவது வக்கீலை. அடுத்துத் தேடுவது உபயம். திருவிழாவில் எதையாவது தன் செலவில் செய்து மைக்கில் பெயரைச் சொல்லவைத்துவிட்டால் மற்றதை ஊர் மறந்துவிடும் என்று ஒரு கணக்கு. பல சமயம் அந்தக் கணக்கு சரியாகவும் வந்துவிடுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

கலியாணசுந்தரம் திரௌபதி அம்மன் கோயில் தர்மகர்த்தா திருஞானசம்பந்தத்திடம் போனான். "இருக்கறதுலயே பெருசு எது? அது என் உபயம்" என்றான்.

இருப்பதிலேயே பெரியது துரியோதனன்தான்.

எங்கள் பக்கம் பாரதக் கூத்து முடியும் நாள் காலையில் கோயில் மைதானத்தில் மண்ணால் துரியோதனனைப் படுத்த வாக்கில் பிடித்து வைப்பார்கள். லாரியைவிட நீளமாக இருப்பான். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார், திரௌபதி கூந்தலை முடிவாள். பிறகு ஊர்ப் பெண்கள் துடைப்பமும் முறமுமாக இறங்கி அவனை வெளுத்து வாங்குவார்கள். சபையில் ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுக்கச் சொன்னதற்கு வருஷா வருஷம் விழும் பூசை இது. பந்தலுக்கு உபயம் உண்டு, அன்னதானத்துக்கு உண்டு. துரியோதனனை மட்டும் ஊர்ப் பொதுவில் செய்வதுதான் வழக்கம். எந்தப் புத்தியுள்ளவனும் இவனைத் தன் பெயரில் கேட்டதில்லை.

மண் பிடிப்பவர் முனுசாமி. ஊர் மரியாதை தெரிந்த மனிதர். உபயதாரருக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவருக்குக் கவலை. டியூப்லைட் கொடுத்தவர் பெயரை டியூப்லைட்டில் எழுதுகிறோம், வெளிச்சமே வராதபடி. துரியோதனன்மேல் எங்கே எழுதுவது? யோசித்தார். பெயருக்குப் பதிலாக உபயதாரரின் மீசையையே வைத்துவிட்டார். அதே முறுக்கு, வலது பக்கம் கொஞ்சம் தூக்கல். கன்னத்தில் அதே மறு. கழுத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த தாம்புக்கயிறு, மைனர் செயினாக.

"இன்றைய துரியோதனன் உபயம், அண்ணன் கலியாணசுந்தரம் அவர்கள்!" என்று மைக் முழங்கியது. வெள்ளை வேட்டியும் ரோஜா மாலையுமாக அவன் கும்பிட்டபடி முன்னால் வந்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. கீழே படுத்திருந்தவனைப் பார்த்தது. மறுபடி அவனைப் பார்த்தது.

யாரோ ஒரு பெண் முதலில் களுக்கென்றாள். அவ்வளவுதான், மைதானமே சிரித்தது. கர்ணன் வேஷக்காரர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"யோவ் முனுசாமி, இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற?" என்று உறுமினான் கலியாணசுந்தரம்.

"உபயம் உங்களுதாச்சேண்ணே. ஒரு மரியாதிக்கி வச்சேன்" என்றார் முனுசாமி, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு. அவர் முகத்தில் கள்ளமே இல்லை. பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லவே இல்லை.

அந்த வருஷம் துரியோதனனுக்கு விழுந்த அடி போல என்றும் விழுந்ததில்லை. பூவம்மாள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மற்றக் கையில் துடைப்பத்தோடு வந்தாள். அடித்தாள், சிரித்தாள், மூச்சு வாங்கியது, மறுபடி அடித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் துள்ளினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் துள்ளினேன்.

(கதையை இங்கே முடித்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்.)

4

அன்னதானப் பந்தியில் தர்மகர்த்தா பூவம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா பூவம்மா, நல்லா போட்டு சாத்தினியே. மனசு ஆறிச்சா?"

"ஆறிச்சுங்க."

"ஊரே பாத்துச்சு. அவனுக்கும் மானம் போச்சு. அத்தோட உட்டுடும்மா. கோர்ட்டுல, கீழ வுழுந்துட்டேன், கை ஒடஞ்சிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா எல்லாருக்கும் நிம்மதி. அம்மனே தீர்ப்பு சொல்லிட்டா. அதுக்கு மேல ஜட்ஜு இன்னா சொல்லப் போறாரு?"

பந்தியிலிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். சற்று முன் துடைப்பம் பிடித்தவர்கள்தான். நாங்கள் சிரித்த சிரிப்பையே அவனுக்கு ஜாமீனாகக் கட்டிவிட்டார்களே!

பூவம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "நான் அடிச்சது மண்ணத்தான தர்மகர்த்தா? அவன் அதோ குந்திக்கினு பாயசம் குடிச்சிக்கினு இருக்கறான், பாரு."

உண்மைதான். இரண்டாவது டம்ளர் வாங்கிக்கொண்டிருந்தான்.

"அப்ப இன்னா சொல்ற?" என்றார் தர்மகர்த்தா.

"சாப்ட்டுக்கினு இருக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் பதில். எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து என் தொழில்மேல் எனக்கு ஒரு சந்தேகம். கதைகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றனவோ? கடைசிப் பத்தியில் வில்லனைப் பாம்பு கடிக்கும், இல்லாவிட்டால் லாரி மோதும். வாசகர் துடைப்பத்தை உதறி மூலையில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவார். கதைக்கு வெளியே இருப்பவன் இன்னொரு டம்ளர் கேட்பான். ஆகவே இந்தக் கதையில் யாரும் கலியாணசுந்தரத்தை அடிக்கப் போவதில்லை. மீசையை மட்டும் மறுநாளே அவனாக எடுத்துவிட்டான் என்று கேள்வி. அதற்கு நான் பொறுப்பல்ல.

5

பள்ளிக்கூடம் திறந்த வாரம். கரண்ட் போயிருந்த நேரமாகப் பார்த்து மெஷின் கொட்டகைக்குப் போய், எழுதியவரைக்கும் பூவம்மாளுக்குப் படித்துக் காட்டினேன்.

"யாரும்மா அது, மலர்விழி?" என்று கேட்டாள்.

"நீங்கதான். உங்க நல்லதுக்குத்தான் பேரை மாத்தியிருக்கேன்."

"அடிச்சவன் பேரு கொட்ட எழுத்துல இருக்குது. அடி வாங்கனவ பேரு ஏன் ஒளிஞ்சிக்கணும்? நான் இன்னா திருடுனேனா? பூவம்மான்னே போடு."

போட்டுவிட்டேன். தாமலுக்குப் போய் அவன் மனைவியையும் கேட்டேன். "என் பேர் வேணாம் டீச்சர்" என்றாள். ஆகையால் பொன்னியம்மாள் என்பது அவள் பெயரல்ல. அவளுக்குப் பயம், பயப்பட அவளுக்கு உரிமை உண்டு.

பிறகு பூவம்மாளிடம் மூன்று முடிவுகளைச் சொன்னேன்.

அ) அவனுக்குத் தண்டனை. போலீஸ் வண்டி கிளம்ப, பொன்னியம்மாள் முதல்முறையாக வானத்தை நிமிர்ந்து— (வேண்டாம். அவள் வானத்தைப் பார்க்காமலா இத்தனை நாள் இருந்தாள்?)

ஆ) அவன் விடுதலை. வெடி வெடிக்கிறார்கள். பூவம்மாள் மெஷினைப் போடுகிறாள், சத்தத்தில் அழுகை கேட்கவில்லை. (ஸௌந்தரராஜன்: "விருது கிடைக்கும், எனக்குத் தூக்கம் போகும்.")

இ) தர்மகர்த்தா சொன்னபடியே—

மூன்றாவதை முடிக்க அவள் விடவில்லை.

"ஏம்மா, நான் இன்னும் வாயவே தொறக்கல. அதுக்குள்ள நீ இன்னா முடிக்கிற?"

"அப்ப நீங்க போவீங்களா?"

"அத உடு. திங்கக்கெழம நீ லீவு போடுவியா, மாட்டியா?"

போட்டேன். ஸௌந்தரராஜனும் போட்டார், எந்தக் காரணமும் கேட்காமல்.

6

காஞ்சிபுரம் கோர்ட்டு. பெஞ்சுகளில் அவனுடைய ஆட்கள் முன்னதாகவே வந்து நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் நானும் என் கணவரும் மட்டும். தர்மகர்த்தா எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் தூணோரம் நின்றார். பூவம்மாள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஏறினாள், சத்தியம் செய்தாள். அவளை மிரட்டுவது போல யாரோ இருமினார்கள்.

அரசாங்க வக்கீல் கேட்டார்: "அன்னிக்கு என்னம்மா நடந்தது?"

வாசகரே, என் பையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. இனி நான் ஒரு வரி எழுதினாலும் அவள் பேச்சில் குறுக்கே பேசுவதாகும். தீர்ப்பை என்னிடம் கேட்காதீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்கள் பெஞ்சில் இடமிருக்கிறது, வந்து உட்காருங்கள். அவள் நிமிர்ந்து பார்க்கும்போது அவள் கண்ணில் நீங்கள் பட வேண்டும்.

இதோ, பார்க்கிறாள்.

"நான் கீழ வுழல ஐயா. வாசல்ல நின்னுக்கினு இருந்தேன்."