கழலாத மோதிரம்

மருந்துக் கிடங்கில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, கர்ப்பிணிகளின் பட்டியல். தொற்றுக் காலத்தில் பிரசவ வார்டு நர்ஸான எனக்குக் கிடைத்த வேலை இதுதான். படிவத்தில் மூன்றே கேள்விகள்: காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா. மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அடுத்த எண்ணைச் சுழற்ற வேண்டும். வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு கேள்வியாவது வேண்டாமா என்று கண்காணிப்பாளரிடம் கரடியாய்க் கத்தினேன். படிவம் மேலிடத்திலிருந்து வந்தது என்றார். மேலிடத்தில் யாரும் பிள்ளை பெற்றதில்லை போலிருக்கிறது.

பட்டியலில் பதினேழாவதாக ஓர் எட்டு மாதக்காரி. தலைச்சன். போனை எடுப்பது அவள் கணவர், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். நான் வாயைத் திறப்பதற்குள் “ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்பார். வாராவாரம் கேட்டுக் கேட்டு அவருக்கு ‘ஒண்ணுமில்ல’ என்றே பெயர் வைத்துவிட்டேன்.

ஐந்தாவது வாரம் பொறுமை போய், அவளிடமே கொடுங்கள் என்றேன். தலைவலி என்று படுத்திருக்கிறாளாம். மூன்று நாளாக. காலையிலிருந்து கண்ணில் பூச்சி பறக்கிறது என்கிறாளாம். அதை ஏனய்யா சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லையே என்கிறார். போன் வயரைப் பிடித்து இழுத்தால் வந்து விழுவார் என்றால் இழுத்திருப்பேன்.

“அவங்க மோதிரத்தைக் கழட்டி எடுத்துட்டு வாங்க.”

எதற்கென்று கேட்காமல் போனார். அந்த ஒரு புண்ணியம் செய்தார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

“சோப்பு போட்டும் வரல சிஸ்டர். விரல் வீங்கிக் கெடக்கு. ஆனா காய்ச்சல் இல்ல.”

ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, இப்போதே வண்டி அனுப்புகிறேன் என்றேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால் நோய் ஒட்டிக்கொள்ளாதா என்று இழுத்தார். ஒட்டினால் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வாசல் கதவைத் திறந்து வையுங்கள் என்று போனை வைத்தேன்.

அன்றே அறுவை சிகிச்சை. பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. இருவரும் பிழைத்தார்கள். மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.

நான்காம் நாள் வார்டுக்குப் போனேன், ஒரு பாட்டம் திட்டிவிட்டு வரலாமென்று. உன் வீட்டுக்காரர்தான் மரமண்டை, உனக்கு எங்கே போயிற்று புத்தி, உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. என் குரலை அடையாளம் கண்டுகொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

“முதல் வாரம் போனை நான்தான் எடுத்தேன் சிஸ்டர். மோதிரம் இறுக்குதுன்னு சொல்ல வந்தேன். காய்ச்சல் இல்லல்ல, அப்ப வீட்டுலயே இருங்கன்னு வெச்சுட்டீங்க.”

கிடங்குக்குத் திரும்பி முதல் வாரப் படிவத்தைத் தேடி எடுத்தேன். பதினேழாம் எண்ணுக்கு நேரே மூன்று ‘இல்லை’. என் கையெழுத்துதான். அதன் பிறகு அன்று முழுக்க யாரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை.